இவர் அவரில்லை என்று சொன்ன பிறகு



சென்ற இதழில் கேரளத்துச் சேந்தமங்கலத்தைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்கு பரவூருக்குப் பக்கத்தில், நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கும் ஊர் அது. நம் பக்கத்தைப் போலவே அங்கும் தறிச் சத்தம் உண்டு. கோயில், தேவாலயம், மசூதி, யூதர்களின் ஜெப ஆலயம் நான்கும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. ஜெப ஆலயத்தின் முன்னால் நட்டிருக்கும் கல்லறைக் கல்லில் எபிரேய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது: சாரா, இஸ்ரவேலின் மகள். ஆண்டு 1269.

அதைப் படித்துவிட்டு காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார். "அந்த சனங்க ஆயிரக்கணக்கான வருசமா மேசியா வருவாருன்னு காத்துக்கிட்டு இருந்தாங்களே, நடுவுல 'நான்தான் அவரு'ன்னு யாரும் வந்து நிக்கலீங்களா? வந்தவங்கள எதை வெச்சுச் சரிபாத்தாங்க? தப்புன்னு தெரிஞ்ச பிறகு, நம்பினவங்க கதி என்னாச்சுங்க?" மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூத மரபில் மேசியா என்பவர் அபிஷேகம் பெற்ற அரசர். தாவீதின் வம்சத்தில் பிறந்து வரப்போகும் மனிதர். கடவுளோ கடவுளின் அவதாரமோ அல்ல. சிதறிப்போன மக்களை அவர் ஊர் சேர்க்க வேண்டும், எருசலேமில் இடிந்த ஆலயத்தை எழுப்ப வேண்டும், நாடுகள் ஒன்றின்மேல் ஒன்று படையெடுக்காத காலத்தைக் கொண்டுவர வேண்டும். இவை நடந்தனவா இல்லையா என்பது தெருவில் நடந்து போகிறவருக்கும் கண்ணால் தெரியும். வந்தவரின் முகத்தில் ஒளி இருக்கிறதா என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. சுற்றியுள்ள உலகத்தைப் பார்த்தால் போதும்.

இந்த அளவுகோல் ஏட்டில் பிறந்ததல்ல. பெரும் அடி பட்டுக் கற்றது. கி.பி. 132-ல் யூதேயாவில் ரோம ஆட்சிக்கு எதிராகக் கலகம் வெடித்தது. அதை நடத்தியவர் சிமோன். வரலாறு அவரை பார் கோக்பா என்று அறியும். அந்தக் காலத்து யூத ஞானிகளில் முதல் வரிசையில் இருந்தவர் ரபி அக்கீபா. அவரே இந்த சிமோனைப் பார்த்து, இவர்தான் மேசியா அரசர் என்று சொல்லிவிட்டார். யோகனான் பென் தோர்த்தா என்ற இன்னொரு ரபி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கீபாவின் தாடை மண்ணோடு மண்ணாகி அதில் புல் முளைத்தாலும் தாவீதின் மகன் வந்திருக்க மாட்டார் என்று முகத்துக்கு நேரே மறுத்தார்.

மூன்று ஆண்டுகள் போர் நடந்தது. 135-ல் பெத்தார் கோட்டை விழுந்தது, சிமோனும் மாண்டார். போரில் மட்டும் 5,80,000 பேர் செத்ததாக ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். பஞ்சத்திலும் நோயிலும் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. எருசலேமுக்கே பெயரை மாற்றி, யூதர் கால் வைக்கக் கூடாது என்றார்கள் ரோமர்கள். அக்கீபாவையும் சித்திரவதை செய்து கொன்றார்கள்.

சிமோனின் கடிதங்கள் சில 1960-ல் சாக்கடல் பக்கத்துக் குகையொன்றில் கிடைத்தன. இகாயேல் யாதின் என்ற தொல்லியல் அறிஞரின் குழு கண்டெடுத்தது. அவற்றில் ஒன்றைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. கூடாரப் பண்டிகைக்கு இரண்டு கழுதைகளை அனுப்பி, பேரீச்ச மட்டையும் எலுமிச்சை இனத்து எத்ரோக் பழமும் ஏற்றி முகாமுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். வேறு கிளைகளையும் சேகரிக்க ஏற்பாடு செய்யச் சொல்கிறார். சுற்றிலும் ரோமப் படை நெருக்கிக்கொண்டிருக்க, தன் வீரர்கள் பண்டிகையைக் குறைவில்லாமல் கொண்டாட வேண்டுமே என்று ஒரு தலைவர் கவலைப்பட்டிருக்கிறார். கிடைத்த கடிதங்கள் எதிலும் அவர் தன்னை மேசியா என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மகுடத்தை அவர் தலையில் வைத்தவர்கள் மற்றவர்கள்.

தோல்விக்குப் பிறகு, யூத ஞானிகளின் பெருந்தொகுப்பான தல்மூத் அவர் பெயரையே கொஞ்சம் திரித்து, 'பொய்யின் மகன்' என்று பொருள்படும்படி எழுதியது. ஊர் ஊராகப் பிணம் எடுத்தவர்களின் கோபம் அது. ஆனால் அக்கீபாவை அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. இத்தனை உயிர் போன ஒரு முடிவில் தவறிய அந்த மனிதரைத்தான் இன்றுவரை மரபின் பேராசானாக வைத்திருக்கிறார்கள். அவர் சொன்ன சட்டங்கள் சட்டங்களாகவே நிற்கின்றன. அவர் தவறினார் என்பதையும் மறைக்கவில்லை, பென் தோர்த்தாவின் மறுப்போடு சேர்த்தே எழுதி வைத்தார்கள். வாத்தியாரய்யாவின் மூன்றாவது கேள்விக்கு முதல் பதில் இதுதான். நம்பித் தவறியவரை அவர்கள் துரத்திவிடவில்லை.

இதை ஒழுங்கான விதியாக எழுதி வைத்தவர் மைமோனிடிஸ். யூதர்கள் ரம்பாம் என்பார்கள். ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து, எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து 1204-ல் மறைந்தவர். தம்முடைய பெரிய சட்டத் தொகுப்பின் கடைசிப் பகுதியில், அரசர்களைப் பற்றிய சட்டங்களில் இதைச் சொல்கிறார். தாவீதின் வழியில் ஓர் அரசர் தோன்றி, வேதத்தைக் கற்று, அதன்படி நடந்து, மக்களையும் நடக்கச் செய்து, அவர்களுக்காகப் போரிட்டால், அவர் மேசியாவாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் அது வெறும் அனுமானம். ஆலயத்தையும் கட்டி, சிதறியவர்களையும் கூட்டிச் சேர்த்துவிட்டால் சந்தேகமில்லை, அவர்தான். அந்த அளவுக்கு வெற்றி பெறாமல் போனாலோ, கொல்லப்பட்டாலோ, வாக்களிக்கப்பட்டவர் அவரல்ல.

அடுத்து அவர் எழுதுவதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அப்படித் தோற்றவரைத் தாவீதின் வம்சத்தில் வாழ்ந்து மறைந்த மற்ற நல்ல அரசர்களைப்போலவே எண்ண வேண்டும் என்கிறார். அவரை வஞ்சகர் என்றோ சாபத்துக்கு உரியவர் என்றோ சொல்லவில்லை. எடுத்துக்காட்டாக அவர் கொண்டுவந்து நிறுத்துவதும் அக்கீபாவையும் சிமோனையும்தான். சிமோனிடம் அக்கால ஞானிகள் அற்புதமோ அடையாளமோ கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். மேசியா செத்தவரை எழுப்ப வேண்டியதில்லை, இயற்கையை மாற்ற வேண்டியதுமில்லை. உலகம் தன் வழக்கப்படியே ஓடும், மக்கள் அடிமைப்படாமல் வாழ்வார்கள். அதிசயம் காட்டுகிறவர் பின்னால் ஓடாதே என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

ஏட்டில் எழுதியவர் நடைமுறையில் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு ஏமன் நாட்டுக் கதை இருக்கிறது. அங்கே யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நெருக்கடியில், நானே மேசியா என்று ஒருவர் கிளம்பினார். உள்ளதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஊர் ஊராகப் பிரசங்கித்தார். ஏமன் யூதர்கள் ரம்பாமுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். 1172-ல் அவர் அனுப்பிய நீண்ட பதில் இன்றும் இருக்கிறது. சொத்து முழுவதையும் தானம் செய்யச் சொல்வது வேதச் சட்டத்துக்கே மாறானது, தர்மத்துக்கும் ஓர் அளவு உண்டு, இது தெரியாதவர் எப்படி மேசியா ஆவார் என்று கேட்கிறார். பிறகு, அந்த மனிதர் பொய்யரல்ல, மனம் பேதலித்தவர் என்கிறார். அவரைச் சில நாள் கட்டி வையுங்கள், பித்துப் பிடித்தவர் என்று எல்லோருக்கும் தெரியட்டும், பிறகு அவிழ்த்துவிடுங்கள், அவர் உயிரும் பிழைக்கும், நீங்களும் ஆட்சியாளரின் கோபத்துக்குத் தப்புவீர்கள் என்று யோசனை சொல்கிறார். கட்டி வைக்கச் சொல்வது இன்று நமக்கு ஒப்பாது. அந்த யோசனைக்குள் ஒரு மனிதரின் உயிர்மேல் இருந்த அக்கறையைத்தான் நான் பார்க்கிறேன்.

ஆனால் அந்த மனிதர் தப்பவில்லை. ஓராண்டு கழித்துப் பிடிபட்டார். அரசர் அடையாளம் கேட்டார். என் தலையை வெட்டுங்கள், எழுந்து நிற்கிறேன் என்றார் அவர். வெட்டிவிட்டார்கள். பல ஊர் யூதர்கள் தண்டம் கட்ட வேண்டியதாயிற்று. கல்லறையிலிருந்து அவர் எழுந்து வருவார் என்று நம்புகிறவர்கள் இன்னமும் அங்கே இருக்கிறார்கள் என்று ரம்பாமே பிற்காலத்தில் எழுதினார்.

ரம்பாமுக்கும் நம் கடலுக்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவருடைய தம்பி தாவீது வணிகர். குடும்பத்தையே தாங்கியவர். செங்கடல் துறைமுகமான ஐதாப் வரை வந்தார். அங்கே வாங்குவதற்குச் சரக்கு ஒன்றும் சரியில்லை, இந்தியாவுக்கே போகிறேன் என்று அண்ணனுக்கு எழுதினார். வீட்டிலிருப்பவளுக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். கெய்ரோவின் பழைய ஜெப ஆலயத்துக் காகிதக் குவியலில் அந்தக் கடிதம் பிழைத்துக் கிடந்தது. தம்பி வரவில்லை. இந்தியக் கடலில் கப்பல் மூழ்கிப்போனது. அண்ணன் ஏறத்தாழ ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். தம்பியின் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் உடைகிறது என்று பல ஆண்டுகள் கழித்தும் எழுதினார். ஏமன் மக்களுக்கு அத்தனை நிதானமாகப் பதில் சொன்ன அந்த மனிதரும், நம்பிக்கை பொய்த்துப்போவது என்றால் என்ன என்று அறிந்தவர்தான்.

அதே நூற்றாண்டில் பாக்தாதில் நடந்தது இதைவிடப் பரிதாபம். குர்திஸ்தான் மலைப்பகுதியில் தாவீது அல்ரோய் என்பவர் மேசியாவாகக் கிளம்பியிருந்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு எத்தர்கள் பாக்தாதுக்குக் கடிதம் கொண்டுவந்தார்கள். குறித்த ஓர் இரவில் எல்லோரும் பறந்து எருசலேம் போய்ச் சேருவீர்கள் என்றார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றி அவர்களிடம் கொடுத்தார்கள். பச்சை உடை உடுத்தி மாடிகளில் ஏறி உட்கார்ந்தார்கள். தாங்கள் முதலில் பறந்துவிட்டால் கைக்குழந்தை பின்தங்கிவிடுமோ, பால் குடிக்க நேரமாகிவிடுமோ என்று தாய்மார்கள் அழுதார்களாம். விடிந்தது. யாரும் பறக்கவில்லை. எத்தர்கள் நகையோடு மறைந்துவிட்டார்கள். இதை எழுதிய சமவ்அல் அல்-மக்ரிபி, யூத மதத்தை விட்டு இஸ்லாத்தில் சேர்ந்தவர். யூதர்களைக் குறை சொல்லவே எழுதினார். ஆனாலும் அந்தத் தாய்மார்களின் அழுகையை அவர் விட்டுவிடவில்லை.

அல்ரோய் கதையை எழுதிய இன்னொருவர் துதேலா ஊர்ப் பெஞ்சமின் என்ற பயணி. அவருடைய நூலில்தான் கொல்லத்து மிளகும் வருகிறது. வெந்நீர் ஊற்றி வெயிலில் காய வைத்தால் மிளகு கறுக்கும் என்று எழுதியிருக்கிறார். கொல்லிமலை மிளகைக் காயப்போடுகிற நம்மவர்களுக்கு அந்தப் பகுதி ருசிக்கும். அந்த நாட்டில் கறுத்த நிறத்து யூதர்கள் வாழ்கிறார்கள், மோசேயின் வேதத்தைக் கற்றவர்கள், நல்லவர்கள் என்றும் சொல்கிறார். நம் பெயர் கொண்ட அந்தக் கேரள ஊரின் சாராவுக்கு முந்தைய தலைமுறைகள் அவர்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடி 1666-ல் விழுந்தது. சபத்தாய் சேவி. இஸ்மிர் நகரத்துக்காரர். காசா ஊர் நாத்தன் என்ற இளைஞர் இவரே மேசியா என்று அறிவித்ததும், ஏமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை யூதர்கள் தன்னிலை மறந்தார்கள். படித்தவர், பாமரர், செல்வந்தர், ரபிகள் எல்லோரும்தான். எருசலேம் போக வீட்டையும் சரக்கையும் விற்றவர்கள் உண்டு. துருக்கி சுல்தான் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார். அந்த ஆண்டு செப்டம்பரில், சாவா, மதமாற்றமா என்ற நிலை வந்தபோது சேவி தலைப்பாகை அணிந்து முஸ்லிம் ஆகிவிட்டார்.

அந்தச் செய்தியைக் கேட்ட வீடுகளை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானோர் வாய் பேசாமல் பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். சிலரால் முடியவில்லை. மேசியா இருளுக்குள் இறங்கி, அங்கே சிக்கியிருக்கும் ஒளியை மீட்கிறார், மதம் மாறியதுகூட அவர் பணியில் ஒரு பகுதி என்று நாத்தன் விளக்கம் சொன்னார். அதை நம்பிச் சில நூறு குடும்பங்கள் அவர் வழியில் முஸ்லிம்களாகி, சலோனிக்கா நகரில் தனிச் சமூகமாகவே வாழ்ந்தன. மற்றவர்கள் வெளியே யூதராகவும் உள்ளே சேவியை நம்புகிறவராகவும் இருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வெற்றியை வெற்றியாக ஏற்பதில்லை என்பதே யூத மரபின் நிலை. இதில் அது அசைந்ததே இல்லை. ஆனால் இந்த முறை அக்கீபாவுக்குக் காட்டிய பெருந்தன்மையைக் காட்ட முடியாமல் போயிற்று. யார் இன்னும் இரகசியமாக நம்புகிறார் என்று வேட்டையாடத் தொடங்கினார்கள். 1751-ல் யாக்கோபு எம்டன் என்ற அறிஞர், ஹாம்பர்க் பகுதியின் தலைமை ரபி யோனத்தான் ஐபஷுட்ஸ் எழுதிக் கொடுத்த தாயத்துகளில் சேவியின் பெயர் ஒளிந்திருக்கிறது என்று குற்றம் சாட்டினார். ஐரோப்பா முழுக்க ரபிகள் இரண்டு அணியாகி ஒருவரையொருவர் விலக்கி வைத்தார்கள். சேவி செத்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. தோற்றுப்போன மேசியாவைவிட இந்தச் சந்தேகம் அதிக வீடுகளைப் பிரித்துப்போட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் தமிழ்ப் பிராமணக் குடும்பம் ஒன்று கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தது. அதில் ஒருவர் ஜஸ்டஸ் ஜோசப். வித்வான் குட்டி என்று பெயர் பெற்றவர், கீர்த்தனைகள் இயற்றியவர். 1881-ல் கிறிஸ்து திரும்ப வருவார் என்று அவரைச் சேர்ந்தவர்கள் நாள் குறித்தார்கள். கூட்டம் திரண்டது. நாள் வந்தது, போனது. வருகை கண்ணுக்குத் தெரியாத வகையில் நடந்துவிட்டது என்று விளக்கினார்கள், யூயோமயம் என்ற பெயரில் தனிச் சபை உருவானது. காசா நாத்தனை அவர்கள் அறிந்திருக்கப் போவதில்லை. இருந்தாலும் அதே வழியில்தான் போனார்கள். நம்பிக்கை உடையும்போது மனித மனம் முதலில் தேடுகிற கதவு அதுதான் போலும்.

இன்னும் பக்கத்தில், நம் சென்னை அடையாறு. 1909-ல் பிரம்மஞான சபையின் கடற்கரையில் ஒரு சிறுவனைப் பார்த்து, உலக குரு இந்த உடலில்தான் வரப்போகிறார் என்று முடிவு செய்தார் அந்தச் சபையைச் சேர்ந்த லெட்பீட்டர். அன்னி பெசன்ட் அம்மையார் அதை ஏற்று, 1911-ல் அதற்கென ஓர் அமைப்பையே நிறுவினார். அந்தச் சிறுவனான ஜே.கிருஷ்ணமூர்த்தியின் பிள்ளைப் பருவம் இப்படித்தான் போயிற்று. தந்தை நாராயணய்யா பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார், 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். தம்பி நித்யானந்தாவுக்குக் காசநோய். அவர் பிழைப்பார் என்ற உறுதியில் அண்ணன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். சூயஸ் பக்கம் வந்தபோது தம்பி இறந்த செய்தி வந்தது. 1925 நவம்பர் அது.

1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓம்மன் முகாமில், ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் கிருஷ்ணமூர்த்தி அந்த அமைப்பைக் கலைத்தார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்த அமைப்பு. அமைப்புக்குக் கொடுத்த கோட்டையும் நிலமும் கொடுத்தவர்களுக்கே திரும்பின. தனக்குச் சூட்டிய மகுடத்தைத் தானே கழற்றி வைத்தவர்கள் உலக வரலாற்றிலேயே குறைவு. அதற்குப் பின் வந்த காலம் அவரை ஆசிரியராக மதிக்கிறது. ரம்பாம் அதைத்தானே சொன்னார், வாக்களிக்கப்பட்டவர் அல்ல, ஆனால் நல்லவர் வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று?

ஆனால் அன்று ஓம்மன் முகாமில் உட்கார்ந்திருந்தவர்களை யார் நினைத்தார்கள்? எமிலி லட்யன்ஸ் என்ற அம்மையார், புது டெல்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞரின் மனைவி, பதினெட்டு ஆண்டுகளைக் குடும்பத்தையும் ஒதுக்கிவிட்டு இந்த எதிர்பார்ப்புக்குக் கொடுத்திருந்தார். பின்னாளில் அந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவரைப்போல எழுதத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

நம் காலத்திலும் இது நடக்கிறது. மும்பை நரிமன் ஹவுஸ் உங்களுக்கு நினைவிருக்கும். 2008 தாக்குதலில் உயிர்கள் போன யூத இல்லம். அதை நடத்துவது சபாத் இயக்கம். அதன் தலைவர் மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன் 1994-ல் நியூயார்க்கில் மறைந்தார். அவரே மேசியா என்று நம்பியவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் அந்த நம்பிக்கையை விடவில்லை. டேவிட் பெர்கர் என்ற வரலாற்று அறிஞர், ரம்பாமின் விதியை முன்வைத்து, இறந்தவரை மேசியா என்பது மரபுக்கு ஒவ்வாது என்று 2001-ல் ஒரு நூலே எழுதினார். பெரும்பாலான ரபிகள் கருத்தில் அவரோடு உடன்படுகிறார்கள். ஆனாலும் நம்புகிறவர்களை விலக்கி வைக்கவில்லை. அவர்களோடு தொழுகிறார்கள், அவர்கள் சமைத்ததை உண்கிறார்கள். இந்த மெத்தனம் ஆபத்து என்பது பெர்கர் அவர்களின் வருத்தம். அவர் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் 1751-ஐப் படித்தவன் என்ற முறையில், என் மனம் சேர்ந்து உண்கிறவர்கள் பக்கம் சாய்கிறது.

இந்த இதழை வாசிக்கும் கிறிஸ்தவ அன்பர்களுக்கு இந்நேரம் ஒரு கேள்வி எழுந்திருக்கும். இயேசுவையும் இந்த அளவுகோலால்தான் பார்த்தார்களா? ஆம். அவர் கொல்லப்பட்டார், ஆலயம் எழும்பவில்லை, போர் நிற்கவில்லை என்பதே யூதர்களின் பதில். சிலுவையே வெற்றி, மீதி அவருடைய இரண்டாம் வருகையில் நிறைவேறும் என்பது கிறிஸ்தவர்களின் பதில். இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த இடத்தில் இருவரும் பிரிந்து நிற்கிறார்கள். இதைக் காரணமாக்கி யூதர்கள் பட்ட கொடுமையும் கொஞ்சமல்ல. அப்படியிருந்தும் ரம்பாம் தன் நூலில் ஒரு கருத்தைச் சொன்னார். கிறிஸ்தவமும் இஸ்லாமும் பரவியதால் மேசியாவைப் பற்றிய பேச்சும் வேதத்தின் பேச்சும் தொலைதூரத் தீவுகள் வரை போய்ச் சேர்ந்தன, வரப்போகும் அரசருக்கு அது பாதை போட்டது என்றார். தணிக்கைக்காரர்கள் பல பதிப்புகளில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். கொல்லிமலையில் மருந்துப் பெட்டியோடு நடந்து, 1929-ல் அங்கேயே காய்ச்சலில் இறந்த மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் போன்றவர்கள் வழியாகத்தானே மேசியா, தாவீது, எருசலேம் என்ற சொற்கள் நம் மலையடிவாரத்துக்கு வந்தன? எகிப்தில் உட்கார்ந்து அவர் எழுதியது நம் ஊருக்கும் பொருந்துகிறது.

நாள் குறிப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். முடிவு நாளைக் கணக்கிடுகிறவர்களைத் தல்மூத் சபிக்கிறது. கணக்குத் தப்பினால் மக்கள் இனி அவர் வரவே மாட்டார் என்று கைவிட்டுவிடுவார்கள் என்பது காரணம். ரம்பாமும் இதையே வலியுறுத்தினார். ஆனால் ஏமன் கடிதத்திலேயே, தீர்க்கதரிசனம் திரும்பும் ஆண்டு இன்னது என்று தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு கணக்கையும் எழுதிவிட்டார். துயரப்படுகிறவர்களுக்கு ஒரு தேதியாவது கொடுக்க வேண்டும் என்று அந்தப் பேரறிவாளருக்கே தோன்றியிருக்கிறது. அந்த ஆண்டும் ஒன்றும் நடக்காமல் போயிற்று.

இன்னொரு பழைய யூதப் போதனை நம் குடியானவர்களுக்குப் பிடிக்கும். கையில் மரக்கன்றோடு நிற்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று சேதி வந்தால், முதலில் கன்றை நட்டுவிட்டு, பிறகு போய் வரவேற்கச் சொல்கிறது அது. 2012 டிசம்பரில் உலகம் அழியப்போகிறது என்ற பேச்சு நம் டீக்கடைகள் வரை வந்ததே, அந்த மாதமும் நம் காடுகளில் குச்சிக்கிழங்கு நட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் ஊர்க் கரட்டில் தத்தாத்ரேயர் கோயிலோடு சுயம்பிரகாச அவதூத சுவாமிகளின் அதிஷ்டானம் இருக்கிறது. உடுத்த துணியும் வேண்டாம் என்று இருந்த துறவி அவர். அதுபோலக் கொச்சி மட்டாஞ்சேரியில் நெகேமியா மோத்தா என்ற யூத ஞானியின் சமாதி இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். யூதர்களோடு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே விளக்கேற்றுகிறார்கள். அவர் இயற்றிய பாடல்களைக் கொச்சி யூதர்கள் தங்கள் வழிபாட்டில் வைத்துக்கொண்டார்கள். 1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோதும் அந்தப் பாடல்கள் கூடவே போயின. ஒருவரை உலகத்தை மீட்க வந்தவர் என்று சொல்லாமலேயே இவ்வளவு அன்பு வைக்க முடிந்திருக்கிறது.

வாத்தியாரய்யாவுக்கு என் பதில் இவ்வளவுதான். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நம் பக்கத்தில் யாரையாவது, எதையாவது முழு மனதோடு நம்பி, காட்டை விற்று, பிள்ளைகளின் படிப்பை நிறுத்தி, பிறகு தனியாகத் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றியவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் எழுதியாகிவிட்டது. திரும்பி வந்தவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை. அந்த வீட்டுக்கு முதலில் யார் சோறு கொண்டுபோனார்கள், ஊர்த் திருவிழாவில் வரி வாங்கினார்களா, பொண்ணு கேட்டு வந்தார்களா, இல்லை பின்னால் சிரித்தார்களா என்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். திரும்பி வந்தவர்களே எழுதினால் இன்னும் நல்லது. பெயர், ஊர், சாதி, சபை, சாமியார் எதையும் அச்சிட மாட்டோம். எழுதச் சிரமமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். அடுத்த இதழில் பத்துப் பக்கம் இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்
சேந்தமங்கலம்